தில்லி பாதுகாப்பு ஆய்வு மையத்தில் இன்டர்ன்ஷிப்: கடிதத்தில் எதை எழுதுவது?

கடற்கரைக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் முதுகலை அரசியல் அறிவியல் முதலாண்டு முடிக்கப்போகிறேன். தில்லியில் தேசியப் பாதுகாப்பு, கடல்சார் பாதுகாப்பு குறித்து ஆராயும் மையங்களில் இரண்டு மாத இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று பல நாள் ஆசை. எங்கள் துறையில் இதுவரை யாரும் விண்ணப்பித்ததில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை.

பயோடேட்டா, ஒரு பக்கக் கடிதம், எழுத்து மாதிரி, பேராசிரியரின் பரிந்துரை ஆகியவற்றைக் கேட்கிறார்கள். என் கடிதம் இப்படித் தொடங்குகிறது: “சிறு வயது முதலே தேசப்பற்று மிக்க நான், வேகமாக மாறிவரும் உலக அரசியல் சூழலில் இந்தியாவின் பாதுகாப்புக்கு என்னால் இயன்ற பங்களிப்பைச் செய்ய விரும்புகிறேன்.” எழுத்து மாதிரிக்கு, இந்தியப் பெருங்கடலில் சீனா காலூன்றும் துறைமுகங்களின் வரிசையான ‘முத்து மாலை’ பற்றி 4,000 சொல்லில் ஒரு கட்டுரை வைத்திருக்கிறேன். இலங்கையின் ஹம்பாந்தோட்டை, பாகிஸ்தானின் குவாதர், ஆப்பிரிக்காவின் ஜிபூட்டி எல்லாம் அதில் வருகின்றன.

அப்பா விசைப்படகில் தொழில் செய்பவர். இதைக் கடிதத்தில் சொல்லலாமா? சொன்னால் இரக்கம் தேடுகிறேன் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

பழைய நூலகம் எழுதியது:

தங்கையே, நான் தில்லியில் இத்தகைய மையம் ஒன்றில் ஆய்வு உதவியாளராக ஆறு ஆண்டுகள் இருந்தேன். ஒவ்வொரு கோடையிலும் விண்ணப்பங்களைப் பிரித்துப் படிப்பது என் வேலை. நேராகவே சொல்கிறேன், மனம் வருந்த வேண்டாம். உங்கள் முதல் வரியை நான் நூறு முறையாவது படித்திருப்பேன். அது பொய் என்று சொல்லவில்லை. ஆனால் விண்ணப்பிக்கிற அத்தனை பேரும் அதையேதான் எழுதுகிறார்கள். அதைப் படித்து உங்களைப் பற்றி எனக்கு எதுவும் தெரியவராது.

முத்து மாலையும் அப்படித்தான். ஹம்பாந்தோட்டை 2017-இல் சீன நிறுவனத்திடம் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனது, 2022 ஆகஸ்டில் சீனாவின் கண்காணிப்புக் கப்பல் யுவான் வாங் 5 அங்கே வந்து நின்றது எல்லாம் அங்கே இருப்பவர்களுக்கு மனப்பாடம். உங்கள் 4,000 சொல் அவர்கள் எழுதியதன் சுருக்கமாக இருக்குமே தவிர, அவர்களுக்குப் புதிதாக ஒன்றும் தராது.

தேர்வு செய்பவர் மாதிரிக் கட்டுரையில் தேடுவது ஒன்றைத்தான்: இந்தப் பிள்ளைக்குக் கேள்வி கேட்கத் தெரிகிறதா? கேள்வி சிறியதாக இருக்கட்டும். பதில் முழுமையாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எங்கே தேடினார், எதை எண்ணினார், எதை நம்பவில்லை என்பது தெரிய வேண்டும். ஒரு சிறு கேள்வியை 1,500 சொல்லில் ஒழுங்காகத் துருவிய பிள்ளையை, உலகப் படத்தையே விரித்துவைக்கிற பிள்ளைக்கு முன்னால் எடுப்பார்கள். நான் அப்படித்தான் எடுத்தேன்.

உங்கள் அப்பாவின் தொழிலைப் பற்றிக் கேட்டீர்கள். அவசியம் சொல்லுங்கள். அதை வறுமைக் கதையாக ஆக்காமல், எனக்கு இது தெரியும் என்று சொல்வதற்கான சான்றாகச் சொல்லுங்கள். அப்பாவின் தொழிலில், தில்லியில் இருப்பவருக்குத் தெரியாத எது உங்களுக்குத் தெரியும்? அதை யோசித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

மேலவீதி எழுதியது:

நல்ல அறிவுரைதான். ஆனால் யாரும் சொல்லாத ஒன்றை நான் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மையத்தில் மூன்று மாதம் இருந்தேன், பெயர் வேண்டாம். ஒரு ரூபாய் உதவித்தொகை கிடையாது. அறை வாடகை, சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் அண்ணன் சம்பளத்திலிருந்து போனது. என்னோடு இருந்தவர்கள் பலரும் தில்லியிலேயே வீடு உள்ளவர்கள். கடைசியில் என் பெயர் ஒரு வெளியீட்டிலும் வரவில்லை. நான் தொகுத்த அட்டவணை மட்டும் வந்தது. கரையோரத்துப் பிள்ளை ஒருத்தி கடன் வாங்கிக்கொண்டு அங்கே போய் நிற்க வேண்டுமா? யாருக்கு வசதி இருக்கிறதோ அவர்கள்தான் நாட்டின் பாதுகாப்பைப் பற்றிப் பேசலாம் என்று ஆகிவிடுகிறது. இது எனக்கு இன்றும் ஆறவில்லை.

பழைய நூலகம் எழுதியது:

மேலவீதி சொல்வதை நான் மறுக்க மாட்டேன். உங்கள் அட்டவணைக்கு உங்கள் பெயர் போட்டிருக்க வேண்டும், போடாதது தவறு. உழைப்பை இலவசமாக வாங்குவது இந்தத் துறையின் பெரிய குறை. ஆகவே தங்கையே, விண்ணப்பிக்கும்போதே இரண்டு கேள்விகளை மரியாதையாக மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்: உதவித்தொகை உண்டா, நான் செய்யும் பணியில் என் பெயர் குறிப்பிடப்படுமா. இவற்றைக் கேட்டதற்காக ஒருவரை நிராகரிக்கும் இடம் போகத் தகுந்த இடமல்ல.

முதலில் தில்லிதான் என்பதும் கட்டாயமில்லை. சென்னையிலேயே 2008 முதல் சீனா ஆய்வு மையம் ஒன்று இயங்குகிறது. பெங்களூரில் தட்சசீலா நிறுவனம் இருக்கிறது, ஜே.ஆர்.டி. டாட்டாவின் முயற்சியில் பிறந்த தேசிய உயராய்வு நிறுவனமும் அங்கேதான். தில்லி என்றால் 1965-இல் தொடங்கிய, இன்று மனோகர் பாரிக்கர் பெயரைத் தாங்கிய பாதுகாப்பு ஆய்வு நிறுவனம். அது பாதுகாப்பு அமைச்சகத்தின் நிதியில் நடப்பது. கடலுக்கென்று 2005-இல் வந்த தேசியக் கடல்சார் அறக்கட்டளை. தரைப்படைக்கும் விமானப்படைக்கும் தனித்தனியே மையங்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே கடிதத்தை அனுப்பாதீர்கள். அமைச்சக நிதியில் நடக்கும் இடத்துக்கும், தனியார் நன்கொடையில் நடக்கும் இடத்துக்கும் ஆர்வங்கள் வேறு. அவர்கள் கடந்த ஓராண்டில் வெளியிட்டவற்றில் மூன்றையாவது முழுதாகப் படித்துவிட்டு எழுதுங்கள்.

கடற்கரைக்காரி எழுதியது:

இரண்டு நாளாக யோசித்தேன். இப்போது மீன்பிடித் தடைக்காலம்; ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு போகாது. அப்பா வீட்டில் உட்கார்ந்து வலை பொத்துகிறார். நேற்று அவரோடு பேசிக்கொண்டிருந்தபோது ஒன்று தோன்றியது.

2017-இல் பாக் நீரிணை விசைப்படகுகளை ஆழ்கடல் மீன்பிடிக்கு மாற்றுவதற்கென்று ஒரு திட்டம் வந்தது. படகு ஒன்றுக்கு 80 லட்சம். அதில் 50 விழுக்காடு மத்திய அரசு, 20 விழுக்காடு மாநில அரசு, 10 விழுக்காடு மீனவர், மீதி 20 விழுக்காடு வங்கிக் கடன். 70 விழுக்காடு மானியம் என்றால் கேட்பதற்குப் பெரிதாக இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கம் மாறியவர்கள் மிகவும் குறைவு. ஏன் என்று அப்பாவைக் கேட்டேன். “எட்டு லட்சம் கையிலிருந்து, பதினாறு லட்சம் கடன். அதுகூடப் பரவாயில்லை. நாங்கள் இன்றைக்குப் போனால் நாளைக்குக் கரையில் இருப்போம். ஆழ்கடல் என்றால் வாரக்கணக்கில் கடலில். அந்தத் தொழில் எங்களுக்குத் தெரியாது. இழுவைமடி போட்ட கைக்குத் தூண்டில் கயிறு பிடிபடாது” என்றார். (இழுவைமடி என்பது படகால் கடலடியில் இழுத்துச் செல்லும் வலை; ஆழ்கடலில் நீண்ட தூண்டில் கயிறு.)

இது மீன்வளத் துறை விஷயம்தானே? இதைத் தேசியப் பாதுகாப்பு என்று சொல்ல முடியுமா?

பழைய நூலகம் எழுதியது:

அம்மா, இதுதான்! இதை வைத்துக்கொண்டா முத்து மாலையைக் கோத்துக்கொண்டிருந்தீர்கள்?

இலங்கையோடான கடல் எல்லையைத் தாண்டும் விசைப்படகு பிடிபடுகிறது. ஆட்கள் சிறைக்குப் போகிறார்கள். இரு நாட்டு வெளியுறவு அமைச்சகங்களும் பேசுகின்றன. கடலோரக் காவல் படையின் நேரம் அதில் கரைகிறது. அந்தப் படகு ஆழ்கடலுக்கு மாறியிருந்தால் அங்கே போயிருக்கவே வேண்டாம். ஆக, ஒரு மானியத் திட்டம் ஏன் எடுபடவில்லை என்பது நேராகக் கடல்சார் பாதுகாப்புக் கேள்வி. இந்தியாவும் இலங்கையும் கடல் எல்லை வகுத்த 1974, 1976 ஒப்பந்தங்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். தூண்டில் கயிறு கைக்குப் பிடிபடாததைப் பற்றி எழுத நீங்கள் ஒருவர்தான்.

அப்பாவின் பேச்சு ஒரு தொடக்கம்தான், சான்றாகாது. சான்றுக்கு நாடாளுமன்ற இணையதளத்துக்குப் போங்கள். இந்தத் திட்டத்தில் எத்தனை படகுக்கு நிதி விடுவித்தார்கள், எத்தனை கட்டி முடித்தார்கள் என்று உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளும் அமைச்சர்கள் தந்த பதில்களும் கிடைக்கும். ஒரு நுணுக்கம் சொல்கிறேன்: மீன்வளத்துக்கென்று தனி அமைச்சகம் 2019-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய பதில்கள் வேளாண் அமைச்சகத்தின் பெயரில் இருக்கும். மீன்வளம் என்று மட்டும் தேடினால் முதல் இரண்டு ஆண்டும் கண்ணில் படாது. கேள்வி எண், தேதி, மக்களவையா மாநிலங்களவையா என்பதை அப்போதே குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேடினால் கிடைக்காது.

எண்ணில் கவனம் வேண்டும் என்பதற்கு என் கதை ஒன்று. நான் இன்டர்னாக இருந்த மூன்றாம் வாரம், ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனமான சிப்ரியின் ஆயுத இறக்குமதிப் பட்டியலிலிருந்து ஐந்தாண்டு எண்களைக் கூட்டி, ‘இத்தனை மில்லியன் டாலர்’ என்று எழுதிக் கொடுத்தேன். மூத்த ஆய்வாளர் தாளை வாங்கி, ‘டாலர்’ என்ற சொல்லைப் பென்சிலால் வட்டமிட்டுவிட்டு, விளக்கக் குறிப்பைப் படித்தாயா என்று மட்டும் கேட்டார். சிப்ரியின் அந்த எண் விலையைச் சொல்வதே இல்லை. ஆயுதத்தின் இராணுவத் திறனை வைத்து அவர்களே வகுத்த ஓர் அலகு அது. நாடுகளை ஒப்பிடலாம்: 2020–24 காலத்தில் உக்ரைன் முதலிடம், இந்தியா இரண்டாமிடம் என்று சொல்லலாம். ஆனால் அதை ரூபாயாக மாற்றிப் பாதுகாப்பு பட்ஜெட்டோடு ஒப்பிட்டால் மொத்தமும் தப்பு. அன்று முதல் எந்தப் பட்டியலைத் திறந்தாலும் முதலில் அடிக்குறிப்பைத்தான் படிக்கிறேன்.

வேதியியல் பையன் எழுதியது:

இடையில் புகுவதற்கு மன்னிக்க வேண்டும். நான் திருச்சியில் பி.எஸ்சி. வேதியியல் படிக்கிறேன். அரசியல் அறிவியலோ பாதுகாப்பியலோ படிக்காதவர்களின் விண்ணப்பத்தைத் திறந்தாவது பார்ப்பார்களா அண்ணா?

பழைய நூலகம் எழுதியது:

தம்பி, இந்தியாவில் இந்தத் துறையைக் கட்டி எழுப்பியவர் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் கே. சுப்பிரமணியம் 1929-இல் உங்கள் திருச்சியில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் அவர் படித்தது வேதியியல். பின்னர் ஐ.ஏ.எஸ். ஆகி, நான் மேலே சொன்ன பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்துக்கு இரண்டு முறை இயக்குநராக இருந்தார். கார்கில் போர் 1999 ஜூலையில் முடிந்த சில நாட்களில் அமைக்கப்பட்ட ஆய்வுக் குழுவுக்கு அவர்தான் தலைவர். அந்த அறிக்கை 2000 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. பாதுகாப்பு கருதிச் சில பகுதிகளை நீக்கிவிட்டு வெளியிட்டார்கள். நூலகத்தில் கிடைத்தால் எடுத்துப் படியுங்கள். யார் மீது பழி என்று தொடங்காமல், எந்தத் தகவல் யாரிடம் இருந்தது, அது ஏன் அடுத்தவருக்குப் போய்ச் சேரவில்லை என்று அவர்கள் கேட்டுக்கொண்டே போவதைக் கவனியுங்கள்.

உங்கள் படிப்பை மறைக்காதீர்கள். இரசாயன ஆயுதத் தடை உடன்படிக்கை 1997-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் பட்டியல்களில் உள்ள சேர்மங்களைப் படித்துப் புரிந்துகொள்ளும் ஆள் இந்த மையங்களில் குறைவு. உங்கள் கேள்வி அங்கேதான் இருக்கிறது.

வெள்ளைச் சீருடை எழுதியது:

கடற்படையில் 20 ஆண்டு இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு எச்சரிக்கை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். மகளே, உங்கள் ஊர்க்காரர்கள் கடலில் பலவற்றைப் பார்ப்பார்கள்: ரோந்துக் கப்பல் எந்த நேரத்தில் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதெல்லாம். உச்சிப்புளி விமானத் தளத்திலிருந்து எது பறக்கிறது என்பதும் கண்ணில் படும். அதில் ஒரு வரிகூடக் கட்டுரையில் வேண்டாம். ஆய்வு மையம் பொதுவெளியில் கிடைப்பதை வைத்து எழுதும் இடம். 1923-ஆம் ஆண்டு அலுவல் இரகசியச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

இன்னொன்று. இன்டர்ன்ஷிப் கிடைத்ததும் லிங்க்ட்இன்னில் போடுவீர்கள். போட்ட பிறகு, முன்பின் தெரியாத ஆலோசனை நிறுவனம் ஒன்று, ‘உங்கள் பகுதி பற்றி ஐந்து பக்கம் எழுதித் தாருங்கள், பணம் தருகிறோம்’ என்று வந்தால் நின்று யோசியுங்கள். சிங்கப்பூரைச் சேர்ந்த டிக்சன் யோ என்ற ஆராய்ச்சி மாணவர் இப்படித்தான் ஒரு போலி ஆலோசனை நிறுவனத்தின் பெயரில் வேலை விளம்பரம் போட்டார். 400-க்கும் மேற்பட்ட பயோடேட்டாக்கள் வந்து குவிந்தன. சீன உளவுத் துறைக்காக ஆள் பிடித்ததை 2020-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் அவரே ஒப்புக்கொண்டார். 14 மாதச் சிறை. அவரிடம் அறிக்கை எழுதிக் கொடுத்தவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் அல்லர். பணத் தேவையும், தம்மை ஒருவர் மதித்துக் கேட்கிறாரே என்ற எண்ணமும் அவர்களை அங்கே கொண்டுபோனது. உங்கள் வயதில் இரண்டும் இருக்கும். அதனால்தான் சொல்கிறேன்.

பருத்தித்துறை எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இந்த உரையாடலை முழுவதும் வாசித்தேன். தங்கச்சி, உங்கள் கேள்வி நல்ல கேள்வி. ஆனால் அதில் நாங்கள் இல்லை.

போர்க்காலத்தில் பெரும்பாலும் எங்கள் கடல் எங்களுக்கு மூடப்பட்டிருந்தது. 2009-க்குப் பிறகு கடனை வாங்கி வலை வாங்கினோம். இரவில் உங்கள் பக்கத்துப் படகுகள் வந்து போனால், விடியப்போய்ப் பார்க்கும்போது வலை இருக்காது, மிதவைதான் மிஞ்சும். எங்கள் நாட்டில் இழுவைமடியை 2017-இல் சட்டத்தால் தடைசெய்தார்கள். அடுத்த ஆண்டு வெளிநாட்டுப் படகுகளுக்கான தண்டப்பணத்தைக் கடுமையாக உயர்த்தினார்கள். அந்தச் சட்டங்களுக்காக நடையாய் நடந்தவர்கள் எங்கள் மீனவர்கள், தமிழர்கள். தில்லியில் இதைப் படிப்பவர்கள் ‘இலங்கைக் கடற்படை எதிர் தமிழக மீனவர்’ என்று இரண்டே பக்கமாகப் பார்ப்பார்கள். மூன்றாவது பக்கம் நாங்கள். உங்கள் அப்பாவுடைய தொழில் மாறினால் முதலில் மூச்சு விடப்போவது எங்கள் கரைதான். அதையும் எழுதுங்கள்.

கடற்கரைக்காரி எழுதியது:

அண்ணா, இதை வாசித்துவிட்டு நேற்று இரவு தூக்கம் வரவில்லை. அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “தெரியும்” என்றார். இலங்கையின் 2017 சட்டத்தைத் தேடி எடுத்துவிட்டேன். இலங்கைத் தமிழ் நாளிதழ்களான உதயன், வீரகேசரி செய்திகளையும் படிக்கத் தொடங்கியிருக்கிறேன்.

கடிதத்தின் முதல் பத்தி இப்போது இப்படி: “பாக் நீரிணை விசைப்படகுகளை ஆழ்கடலுக்கு மாற்ற 2017-இல் 70 விழுக்காடு மானியத்தோடு ஒரு திட்டம் வந்தது. அதில் சேரத் தகுதியிருந்தும் சேராத படகு ஒன்றில் என் தந்தை வேலை செய்கிறார். அவர் சேராததற்குச் சொல்லும் காரணங்களை நாடாளுமன்றப் பதில்களோடும், யாழ்ப்பாண மீனவர்களின் கோரிக்கைகளோடும் ஒப்பிட்டு இணைப்பில் உள்ள கட்டுரையை எழுதியிருக்கிறேன். இதே கேள்வியை உங்கள் நூலகத்தின் துணையோடு மேலும் தொடர விரும்புகிறேன்.”

என் ஆங்கிலம்தான் கவலை. தமிழ்வழியில் படித்தவள்.

பழைய நூலகம் எழுதியது:

இந்தப் பத்தி என் மேசைக்கு வந்திருந்தால், அடுத்த தாளைப் புரட்டாமல் உங்களைத் தொலைபேசியில் அழைத்திருப்பேன். ஒரே திருத்தம்: திட்டத்தில் சேரும் தகுதி படகு உரிமையாளருக்குத்தான், தந்தை உரிமையாளரா, தொழிலாளியா என்பதைத் தெளிவாக எழுதுங்கள். நேர்காணலில் முதலில் அங்கேதான் கை வைப்பார்கள்.

ஆங்கிலத்துக்குச் சிறு வாக்கியங்கள் போதும். அலங்காரம் தேவையில்லை. இலக்கணத்தை ஒருவர் பார்த்துத் திருத்தட்டும்; ஆனால் கணினியிடம் மொத்தமாக எழுதித் தரச் சொல்லாதீர்கள். உங்கள் கேள்வியின் கூர்மை அதில் மழுங்கிப்போகும். பயோடேட்டாவில் தமிழ் என்பதைக் கடைசி வரியில் ஒளிக்காதீர்கள். யாழ்ப்பாணப் பத்திரிகையை அன்றன்றே படிக்க முடிந்தவர் தில்லி மையங்களில் மிகச் சிலரே. கல்லூரியின் ஆட்சேபணையின்மைச் சான்றிதழை இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். விடுமுறை விட்டால் கையெழுத்துக்கு ஆள் கிடைக்காது. பரிந்துரைக் கடிதம் தரும் பேராசிரியரிடம் இந்தக் கட்டுரையைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். ‘நல்ல மாணவி, ஒழுக்கமானவள்’ என்ற கடிதத்தால் பயனில்லை.

கடற்கரைக்காரி எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நான்கு இடங்களுக்கு அனுப்பினேன். இரண்டிலிருந்து பதில் இல்லை. ஒன்றில் இந்த ஆண்டு இடம் நிரம்பிவிட்டது என்றார்கள். நான்காவது இடத்திலிருந்து நேற்றுத் தொலைபேசியில் பேசினார்கள், 25 நிமிடம். தேசப்பற்று பற்றி ஒரு கேள்வியும் இல்லை. ஏழாம் அடிக்குறிப்பில் உள்ள பதில் எந்த அவையில் தரப்பட்டது என்று கேட்டார்கள். குறித்துவைத்திருந்ததால் உடனே சொன்னேன். அப்பா உரிமையாளரா என்றும் கேட்டார்கள். உதவித்தொகையைப் பற்றி நானே கேட்டேன். சிறு தொகை உண்டாம். தங்குவதற்கு இடம் பார்க்க வேண்டும்.

முடிவு இன்னும் சொல்லவில்லை. யாழ்ப்பாணச் செய்திகள் இரண்டைத் தேர்ந்தெடுத்து, திங்கட்கிழமைக்குள் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு செய்தியில் ‘றோலர்’ என்று திரும்பத் திரும்ப வருகிறது. உருளை பொருத்திய ஏதோ இயந்திரம் என்று நினைத்து அப்படியே மொழிபெயர்த்திருக்கிறேன். சரிதானா?

மேலவீதி எழுதியது:

மனம் நிறைந்தது. ஆர்.கே.புரம், முனிர்கா பக்கம் அறை பாருங்கள். தமிழ்க் குடும்பங்கள் அதிகம், மெட்ரோவும் உண்டு, ஆர்.கே.புரத்திலேயே தில்லித் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டாரிடம் கேட்டுச் சொல்கிறேன்.

பருத்தித்துறை எழுதியது:

இல்லை தங்கச்சி. எங்கள் பத்திரிகையில் ‘றோலர்’ என்று வந்தால் அது இழுவைப் படகு. நீங்கள் விசைப்படகு என்று சொல்வதைத்தான் நாங்கள் அப்படிச் சொல்கிறோம்.

கடற்கரைக்காரி எழுதியது:

அப்படியானால் அது எங்கள் படகு. ஐந்து இடத்தில் வந்திருந்தது, ஐந்தையும் திருத்திவிட்டேன். நன்றி அண்ணா. இன்று இரவே அனுப்புகிறேன்.